சாவியோடு விட்டுப்போகும் தாள்

புதிதாகக் குடிவருபவருக்கு:
சாவி இரண்டு, கரண்ட் பில், இந்தத் தாள்.
வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
அது வீடு.
சொல்ல வேண்டியதெல்லாம்
அதைச் சுற்றிக் கிடக்கும்
இரண்டரை சென்ட்டைப் பற்றி.

முதலில், வேலந்தாவளம் கடைவீதி நர்சரிக்கு ஓடாதீர்கள்.
ரோஜா உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.
எழுபது ரூபாய்க்குச் சிரித்து
எட்டாம் நாள் வாயை மூடிக்கொள்ளும்.
ஒரு மாதம் எதையும் நடாமல்
சும்மா நடந்து பாருங்கள்.
காலை வெயில் எந்தச் செங்கல் வரை வருகிறது,
துணி துவைத்த தண்ணீர் எங்கே போய் நிற்கிறது,
கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுவையுங்கள்.
என் கோடுகள் இன்னும் இருக்கின்றன.
வெள்ளையடிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

செக்போஸ்ட் இருந்த காலத்தில்
ராத்திரியெல்லாம் லாரிகள் காத்துநின்ற மண் இது.
நட்டால்தான் விளையும் என்பார்கள்.
இங்கே நடாமலே விளைந்தது நட்டு.
முதல் வருட அறுவடை:
நட்டு பதினேழு, வாஷர் கணக்கில்லை,
மிதிபட்டுச் சப்பையான ஒரு ஹாரன்.
டீசல் வாடை போக மூன்று மழை ஆயிற்று.
ஆகவே மண்வெட்டியை ஓங்காதீர்கள்,
கொத்துக் கரண்டியால் கேட்டுக் கேட்டுப் போங்கள்.

சருகைக் கொளுத்த வேண்டாம்.
பின்பக்கம் வளையம் ஒன்று இறக்கியிருக்கிறேன்.
பூவரச இலை, முட்டை ஓடு, மீன் கழுவிய தண்ணீர்
எல்லாம் அதற்குள்.
ஆட்டுப்புழுக்கை பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அக்காவிடம்.
கேட்டால் சாக்கு நிறையத் தருவார்.
கேட்காமல் எடுத்தால் ஒரு வருடம் பேசமாட்டார்.
இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

காற்றுதான் இங்கே
வாடகை தராத இன்னொரு குடித்தனம்.
ஆடியில் மேற்கிலிருந்து வரும்,
மழையை முதுகில் போட்டுக்கொண்டு.
மார்கழியில் கிழக்கிலிருந்து வரும்
வெறுங்கையோடு,
இருக்கிற ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போகும்.
பந்தல் இடுப்பளவு போதும்.
நான் ஆளுயரம் போட்டேன்.
ஆடி பதினொன்றில்
என் புடலங்காய் தமிழ்நாட்டில் போய் விழுந்தது.
(எல்லைக்கல் பின்சுவரிலிருந்து இருபதடி.
போய் எடுத்துவந்து கூட்டு வைத்தேன்.)

மயில் வரும்.
அழகுதான்.
தக்காளி நாற்று விட்டவளிடம் கேட்காதீர்கள்.
பழைய கொசுவலை சமையலறைப் பரணில் இருக்கிறது,
கிழிசலைத் தைத்துவிட்டேன்.

அக்ரிமென்ட்டில் ஆறாவது வரி:
மரம் வைக்கக் கூடாது,
வேர் செப்டிக் டேங்கை உடைக்கும்.
வீட்டுக்காரர் அச்சுதன்குட்டி
மாதம் ஒன்றாம் தேதி வாடகை வாங்க வருவார்,
வாளிகளை எண்ணுவார்.
கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி
எல்லாமே பெயின்ட் வாளியில்தான்.
அடியில் நாலு ஓட்டை, அதன்மேல் ஓட்டுச்சில்.

கன்னிமூலையில் நிற்கிற சீத்தா மட்டும் தரையில்.
அது அணில் போட்ட விதை
என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.
நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.
எடைமேடையில் ஜெயசீலனுக்கு வேலை போன வாரம்
பேச ஒன்றுமில்லாமல்
ராத்திரி டார்ச் வைத்துக்கொண்டு
இருவரும் ஒரு குழி தோண்டினோம்.
கயிறு பிடித்து அளந்தோம்,
டேங்கிலிருந்து பதினெட்டடி.
அணில் அளக்குமா என்று
அவர் இதுவரை கேட்கவில்லை.

இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. ஆறு.
நாலு தின்றோம், ஒன்று வௌவாலுக்கு.
ஒன்றைத் துணி சுற்றி விட்டிருக்கிறேன்.
கண்கள் விரிந்து இடுக்கு வெளுத்தால்
பறித்து அரிசிக்குள் புதையுங்கள், மூன்று நாள்.
கொட்டையைத் துப்பும்போது
எங்கே துப்புகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறந்துவிட்டேன்,
வடக்குச் சுவர்க் குழாய்
எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும்.
ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட வேண்டாம்.
அதற்குக் கீழேதான் புதினா.