நானூற்றுப் பதினேழாம் மரம்

ஒரு மரத்துக்கு மூன்றரை பொலிவியானோ.
கொடி எத்தனை என்பது கணக்கில் இல்லை.
சில மரங்களில் ஒன்றுமே இருக்காது,
தட்டிக்கொடுத்துவிட்டு நகரலாம்.
சிலதில் பதினொன்று.

அன்செல்மோ யூபானுரே முன்னால் போவான்,
தகரத் தகட்டில் எண் பார்த்துக் கத்துவான்.
நான் பின்னால், வெட்டுக்கத்தியோடு.
அடுத்த ஆண்டு ரம்பம் வருமுன்
கொடிகள் செத்து, உலர்ந்து, உதிர்ந்திருக்க வேண்டும்.
இல்லாவிட்டால்
விழுகிற மரம் தனியாக விழாது.

கொடி என்றதும் மெலிவு என்று நினைப்பவர்கள்
குவாராயோஸ் காட்டுக்கு ஒருநாள் வரட்டும்.
என் தொடையைவிடப் பருத்தவை இருக்கின்றன,
பிழிந்த ஈரத்துணியாய் முறுக்கிக்கொண்டு.
நிமிர்ந்து நிற்கும் வேலையை
மரத்தின் தலையில் கட்டிவிட்டு
மிச்சம் பிடித்ததையெல்லாம் இலையாக்கும்.
முப்பது மீட்டர் உயரத்தில், மரத்தின் கூரைக்கு மேல்
தன் கூரையைப் போட்டுக்கொள்ளும்.
ஆகஸ்டில், மழையற்று,
மரங்கள் இலையுதிர்த்து மூச்சடக்கி நிற்கையில்
இது மட்டும் சளைக்காமல் வளரும்.

வெட்டிப் பார்த்தால் உள்ளே
கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் துளைகள்.
ஒரு வகையை இரண்டு இடத்தில் நறுக்கித்
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால்
ஒரு கோப்பைத் தண்ணீர் வரும், லேசாக மண் வாசனையோடு.
குடித்துவிட்டு அடுத்ததை வெட்டுவேன்.

வெட்டியதும் ஒன்றும் நடக்காது.
கால் போன கொடி காற்றில் தொங்கும்.
மேலே இலைகளுக்குச் செய்தி போய்ச் சேரச்
சில நாள் பிடிக்கும்.

நானூற்றுப் பதினேழு ஒரு தஹீபோ.
இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது.
ஆறு கொடி. ஐந்தை வெட்டினேன்.
ஆறாவது சமாய்ரோ.
அதன் பட்டையைக் கோகா இலையோடும்
ஒரு சிட்டிகை சோடா உப்போடும்
கன்னத்தில் அடக்காவிட்டால்
எனக்கு மத்தியானம் நகராது.
விரல் நீளத்துக்கு உரித்துக்கொண்டேன்,
கொடியை விட்டுவிட்டேன்.
மறுபடி இந்தப் பக்கம் வருவேன் அல்லவா.

“முடிந்ததா?”
“முடிந்தது.”
அன்செல்மோ அண்ணாந்து பார்த்தான்,
பிறகு தகட்டில் ஒரு கோடு போட்டான்.

பதினான்கு மாதம் கழித்து
எலிசேயோ உராயேசா ரம்பம் பிடித்தான்.
கிழக்கே சாய வேண்டும். சாய்ந்தது.
பாதி வழியில்
யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றது,
திரும்பியது.
பக்கத்தில் அல்மென்ட்ரியோ,
விதைக்கென்று விட்டது, சிவப்பு வளையம் பூசியது.
அதன் தலை மொத்தமும் கூடவே இறங்கியது.
எலிசேயோ ஒரு பலகைவேருக்குப் பின்னால் பாய்ந்தான்.
உயிர் தப்பியது. தோள் தப்பவில்லை.

லாரி வர நான்கு மணி நேரம்.
அவன் தலை என் மடியில்.
வலிக்கு என்னிடம் இருந்ததை
அவன் கன்னத்தில் வைத்தேன்.
மென்றான்.
எந்தக் கொடி என்று கேட்கவில்லை.
அன்செல்மோ தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அங்கே ஒரு பெரிய ஓட்டை, முழுக்க வெயில்.
தஹீபோவை எடுத்துப் போய்விட்டார்கள்.
சமாய்ரோ கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.
மரம் விழுந்தால் முடிந்தது.
இதுவோ, இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.
மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர்.
பத்தொன்பது தளிர் வரை எண்ணி நிறுத்தினேன்.

அதில் ஒன்று
முழங்கால் உயர அல்மென்ட்ரியோக் கன்றைக் கண்டுபிடித்து
பற்றுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.
கத்தியை இடுப்பில் செருகிவிட்டு
நகத்தால் பிரித்தேன்,
வேறு பக்கம் திருப்பி வைத்தேன்.
ஒரு வாரத்தில் திரும்பிவிடும், தெரியும்.
நானும் வருவேன்.
இதற்குக் கூலி கிடையாது.

வாயில் பட்டை முதலில் கசந்தது.
பிறகு, அதன் வழக்கப்படி.