உள்தாழ்ப்பாள்

முன்பு அரைவை மில்.
மழை பெய்தால் இன்னும் தவிட்டு வாசம் வரும்.
ஒன்பது அறை, ஒரே சமையல்கட்டு.
ஏழாம் நம்பர் வைரக்கண்ணுவுக்கு.

சாவியை வாங்கிக்கொண்டு கேட்டார்:
"ராத்திரி வெளியே பூட்டுறது யாரு?"
அவர் பார்த்த அறைகள் அப்படி.
உள்ளே தாழ்ப்பாள் இருப்பதை
தையல்நாயகிதான் போட்டுக் காட்டினாள்.

அன்றிலிருந்து விடிய விடிய
டக்கென்று போடுவார்,
டக்கென்று எடுப்பார்.
நான் எட்டாம் நம்பர். நடுவில் ஒற்றைக்கல் சுவர்.
கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருஷம்
செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தவன்,
நான் போய் என்ன சொல்ல?

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று
எல்லாரும் மதகடிக்குப் போனோம்.
முழங்கால்வரை இறங்கி நின்றார். பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி சத்தமே இல்லை.
பத்து மணி. பதினொன்று.
தூக்கம் போனது எனக்குத்தான்.
எழுந்துபோய்த் தட்டினேன்.

"யாரு?"

லத்தி நுனியால் விலாவில் இடித்து
எங்களைக் கேட்கிற கேள்வி.
அதை உள்ளேயிருந்து கேட்டார்,
தூக்கம் கலைந்த கோபத்தோடு.

பேரைச் சொன்னேன்.
சொல்லிவிட்டு நின்றேன்.
திறப்பதும் திறக்காததும்
அவர் இஷ்டம்.