பெயரில் பூங்கா

பூங்கா என்று பெயர்.
பூ என்று பார்த்தால்
ஏழாம் ஷெட்டின் கூரைத் தகரவாயில்
யாரும் விதைக்காமல் முளைத்து
ஊதாக் கொத்தாய்த் தொங்கும் களை மட்டும்தான்.
ஒப்பந்தக்காரரின் வேலைப் பட்டியலில்
முதலில் பிடுங்க வேண்டியதும் அதுவே.

நான் கவுன்சில் ஊழியன்.
மஞ்சள் மேல்சட்டை, மழையில் நனைந்த டேப்லெட்.
ஹெல்ம்ஸ்கிராஃப்ட் வணிகப் பூங்காவின்
முப்பத்தொரு ஷெட்டுகளையும்
மூன்று நாளில் எண்ணி முடிக்கச் சொன்னார்கள்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்:
இயங்குகிறது
இயங்கவில்லை
தெரியவில்லை.

நுழைவாயில் பலகையில் கம்பெனிகள் பாதி இல்லை,
எழுத்துகள் முக்கால்வாசி இல்லை.
கழன்று விழுந்த இடத்தில்
வெயில் படாத வெள்ளைத் தடம்
இன்னும் கிரிம்ஷா கண்ணாடி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான்காவது, டயர்க் கடை ஓல்டிராய்டு:
"இதைத் திறந்த வருஷம் என் அப்பாவுக்கும்
இப்படி ஒரு படம் காட்டினார்கள்.
அதிலும் பலூனோடு ஒரு குழந்தை நடந்தது.
டயர் மாற்ற எவன் பலூனோடு வருவான்?"
இயங்குகிறது.

ஒன்பதாவது, சமையல்மேடைக் கல் அறுப்பவர்கள்.
தூசுக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் உயர்ந்தது.
இயங்குகிறது.

பதினொன்றில் பலகை இல்லை,
மீட்டரில் அசைவில்லை.
ஷட்டர் முழங்கால் உயரம் திறந்திருந்தது.
குனிந்தேன்.
இவோன் ஸ்கெல்டிங் ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட் வைத்து
ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.
வெளிச்சம், வண்டியின் விளக்குதான்.
டெஸ்ஃபாலெம் என்றொருவன்
வெறும் மரத்தட்டைத் தூக்கினான்,
தலைக்கு மேல் நிறுத்தினான், இறக்கினான்,
பின்வாங்கினான், மறுபடி தூக்கினான்.
பாரம் எங்கே என்றேன்.
"அது வேலை கிடைத்த பிறகு" என்றாள்.

இயங்குகிறது என்றால் உரிமம் கேட்பார்கள்.
இயங்கவில்லை என்றால் இடிப்பார்கள்.
பதினாறு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக
தெரிந்தே
தெரியவில்லை என்று தொட்டேன்.

நகர மண்டபத்தில் கூட்டம். பிஸ்கட், தேநீர்,
ஆளுயரத் திரையில் புதிய பூங்கா.
கண்ணாடி மனிதர்கள் நிழலில்லாமல் நடந்தார்கள்.
இமோஜென் பார்டோ அம்மையார்
சுட்டுகோலால் ஒவ்வொன்றாய்த் தொட்டுவர,
பின்வரிசையில் எழுந்தாள் ஹலினா.
விடிகாலை ஐந்தரைக்கே வண்டியில் முட்டையும் ரொட்டியும் போடுகிறவள்.
"அந்தப் பிர்ச் மரம்" என்றாள்,
"அது நிற்கிற இடம் நான்."

யாரோ இருமினார்கள்.
படம் ஒரு மாதிரிக்குத்தான் என்றார் பார்டோ.
குறிப்பேட்டில் நான் எழுதியது:
ஒரு கருத்து பதிவு செய்யப்பட்டது.

அக்டோபரில் வேலை தொடங்கிற்று.
ஆறாம் ஷெட் வாசலில் ஒரு பள்ளம் இருந்தது.
மழைக்காலத்தில் வாத்து நீந்தும்,
வேன்கள் பதினோரு வருஷமாய் அதை வலம் வந்தன.
முதலில் அதைத்தான் மூடினார்கள்.
தார் ஆறியது. பளபளத்தது.

பிறகு ஒரு வியாழன்.
லாரியில் மரம் வந்தது, வேரில் சாக்குக் கட்டி.
இறக்க வேண்டிய இயந்திரம்
வேறெந்த ஊரிலோ சிக்கிக்கொண்டது.
ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார், பின் என்னைப் பார்த்தார்.
நான் பதினொன்றின் ஷட்டரைத் தட்டினேன்.

டெஸ்ஃபாலெம் வந்தான்.
வெறும் தட்டையே தூக்கிப் பழகிய கைகள்
முள்கரங்களில் முதல் எடை ஏறியதும்
ஒரு கணம் நின்றன.
இவோன் வாய் திறக்கவில்லை.
ஹலினா மட்டும் வண்டியைவிட்டு இறங்கி
எண்ணெய்க் கரண்டியால் வழி காட்டினாள்:
இடது. இன்னும் இடது. இன்னும்.
குழி தோண்ட வந்தவர்கள்
கரண்டி சொன்ன இடத்திலேயே தோண்டினார்கள்.
படத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி.
படத்தை யாரும் திருத்தவில்லை,
நானும்.

ஆனால் எனக்கு நினைவிருப்பது வேறு.
மரத்தைத் தூக்கிக்கொண்டு, கிளைகள் மெல்ல ஆட,
ஆறாம் ஷெட் வாசலுக்கு வந்தபோது
புத்தம்புதுத் தாரின் மேல்
எதுவுமே இல்லாத இடத்தை
அவன் அத்தனை கவனமாக
வளைத்து ஓட்டிப் போனான்.