ஏழாம் முனை

காட்பாடி அலுவலக மொட்டைமாடியில்
மூன்றடிக் கம்பி ஒன்று நிற்கிறது.
கால் மணிக்கொரு தரம்
பதினெட்டுக் கிணறுகள் அதனிடம் பேசும்.
எத்தனை மீட்டரில் நீர்,
எவ்வளவு உப்பு,
பேட்டரியில் மிச்சம் என்ன.
வேறு பேச்சு கிடையாது.

ஒரே அலைவரிசையில் நின்று பேசினால்
யாராவது குறுக்கே விழுவார்கள்.
தோல் ஷாப்பு மோட்டார், வெல்டிங் பொறி,
பக்கத்துக் கல்யாண மண்டபத்து மைக்.
அதனால் தாவும்:
பன்னிரண்டு, நாற்பத்தொன்று, மூன்று, இருபத்தாறு.
ஒட்டுக் கேட்பவனுக்கு ஒரு கரகரப்பு, அவ்வளவுதான்.
பாண்டி ஆடுகிற மாதிரி இல்லையா என்றேன்,
பக்கத்து மேசை ஹெப்சிபாவிடம்.
"கோடெல்லாம் அழிஞ்சுபோன தரையில" என்றாள்,
"கட்டம் எங்கன்னு ரெண்டு பேருக்கு மட்டும் ஞாபகம்."

ஏழாம் எண்
விரிஞ்சிபுரத்துக்குக் கிழக்கே ஆற்று மணலில்.
நான்கு வருஷமாக ஒரே சொல்: உலர்.
பின்னிரவிலும் உலர். தீபாவளியன்றும் உலர்.
ஊரைக் கேலி செய்யும் பழைய பட்டியலில்
நீரில்லா ஆறும் உண்டே,
அதைப் போய் நாளைக்குத் தொண்ணூற்றாறு தடவை
தாவித் தாவிச் சொல்லணுமா
என்று சிரிப்பார் எத்திராசு.
மாதம் ஒருமுறை சோலார் தகடு துடைக்கப் போகிறவர்.
காக்கை எச்சத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தார்.

கார்த்திகை மூன்று.
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
பதினொன்று புள்ளி இரண்டு என்றது.
இரண்டு மணிக்கு ஆறு புள்ளி எட்டு.
இரண்டேகாலுக்கு
பூஜ்யம் புள்ளி நான்கு, உப்பு மிகக் குறைவு.
பேட்டரி நலம்.
அதற்குப் பின் ஒன்றுமில்லை.

விடியலில் பாலத்தில் நின்றோம்.
பாதி ஊர் அங்கேதான் நின்றது,
குழந்தைகளைத் தோளில் தூக்கி.
கம்பம் இருந்த இடத்தில் செந்நிறமாய் ஒரு சுழி,
அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
எத்திராசு கையில் துடைக்கிற துணி.
ஏன் எடுத்து வந்தாரோ.
மழை அவர் கண்ணாடியில் வழிந்தது,
அதைக்கூடத் துடைக்கவில்லை.

மாடிக் கம்பி மட்டும்
ஏழின் முறை வரும்போதெல்லாம்
அந்தந்தக் கட்டத்தில் போய் நின்று காத்திருந்தது.

பழுதுப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்:
பேட்டரி, ஆன்டெனா, திருட்டு, மற்றவை.
மற்றவையில் குறியிட்டு
ஆறு என்று எழுதி அனுப்பினாள் ஹெப்சிபா.
ஒன்பதாம் நாள் சென்னையிலிருந்து திரும்பி வந்தது,
சிவப்பு மையில்:
"இது பட்டியலில் இல்லை.
திருட்டு எனத் திருத்தி அனுப்பவும்."