இருபத்தைந்து ரூபாய்ச் சீட்டு

திருமங்கலம் ஆட்டுச்சந்தை வாசலில்
வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே என் மேசை.
ஒரு டார்ச், கார்பன் தாள், சீட்டுப் புத்தகம்.
புத்தகத்தில் இரண்டே கட்டம்:
கிடாவுக்கு முப்பது, பெட்டைக்கு இருபது.
யோசிக்கச் சொல்லி யாரும் கூலி தருவதில்லை.
வாலைத் தூக்கு, பார், எழுது, கிழி.

ஐப்பசியில் ஒருநாள்
செக்கானூரணிப் பக்கமிருந்து மாயக்காள்
ஒற்றை ஆட்டோடு வந்தாள்.
கறுப்பு. கொம்பில்லை.
"தாயும் மோழை, தகப்பனும் மோழை,
இது எப்பிடிக் கொம்போட பெறக்கும்" என்றாள்
நான் கேட்காமலே.
வாலைத் தூக்கினேன்.
டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன்.
பெட்டைக்குள்ளது இருந்தது.
அதன் அடிநுனியில், சுண்டுவிரல் நகத்தளவுக்கு,
கிடாவுக்குள்ளதும் எட்டிப்பார்த்தது.
ஆடு திரும்பி என் முகத்தில்
கிடா வாடையோடு தும்மியது.

பின்னால் வரிசை கத்துகிறது.
மினிலாரிக்காரன் ஹாரனை எடுக்கவே இல்லை.
"எதையாச்சும் போடு தாயி,
அதுக்கென்ன வாசிக்கவா தெரியும்?"
இரண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டின் மேலேயே
ஆடு 1 என்று எழுதி
இருபத்தைந்து வாங்கினேன்.

வேப்பமரத்தடியில் போய் நின்றாள்.
வந்தவர்கள் பல் பிடித்தார்கள், முதுகைத் தடவினார்கள்,
நல்ல எடை.
துண்டுக்குள் கை போனது, விரல்கள் ஆறாயிரம்வரை ஏறின.
அப்புறம் யாராவது ஒருவர் குனிந்து பார்ப்பார்.
சுட்டதுபோல் கை வெளியே வந்துவிடும்.
நேர்த்திக்கடன்காரருக்குக் கிடா வேண்டும், முழுக் கிடா.
வளர்ப்புக்கு வந்தவருக்குக் குட்டி போட வேண்டும்.
கறிக்கடை மீரான்கனி மட்டும்
"உரிச்சா எல்லாம் ஒண்ணுதான், ஆனா இந்த வாடை" என்று இழுத்து
மூவாயிரத்துக்குக் கேட்டார்.
அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.
"சாமி மாதிரிக்கா, பாதிக்குப் பாதி" என்றான் டீ விற்கிறவன்.
"சாமின்னா நீ வாங்கிக் கட்டு" என்றாள்.

எட்டு மணிக்கு மழை.
எல்லோரும் கட்டணக் கழிப்பறைத் தாழ்வாரத்துக்கு ஓடினோம்.
புதுசாய்ச் சுண்ணாம்படித்த சுவர்,
நீலத்தில் ஆண்கள், சிவப்பில் பெண்கள்.
சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ன வந்த நத்தைகள்
எழுத்து மேலேயே ஏறி இறங்கின.
பெண்களின் ஒற்றைக்கொம்புக்குக் கீழே இரண்டு நத்தை
கழுத்தோடு கழுத்து ஒட்டிக் கிடந்தன.
எனக்கு மண்புழு ஞாபகம் வந்தது:
பதினொன்றாம் வகுப்பு, ஒரு மதிப்பெண் கேள்வி,
பெண் துளை பதினான்காம் கண்டத்தில்,
ஆண் துளை பதினெட்டில்.
அதைச் சரியாய் எழுதியும் நான் தேறவில்லை.

"இதுல எது புருசன்?" மாயக்காள் கேட்டாள்.
ரெண்டுமே, என்றேன். ரெண்டும் முட்டை வைக்கும்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"அப்ப சோறாக்குறது யாரு?"
ஈரச்சேலையோடு நாங்கள் சிரித்த சிரிப்பில்
ஆடு மிரண்டு
பின்னுக்குப் பீய்ச்சியது மூத்திரத்தை,
நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையில்
எழுத்தில்லாத சுவரின் மேல்.

பத்து மணிக்குக் குத்தகைக்காரர் கூட்டிப் பார்த்தார்.
முந்நூற்று நாற்பது கிடா, ஐந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டை,
பணத்தில் மட்டும் இருபத்தைந்து துருத்திக்கொண்டு நின்றது.
"இருபத்தஞ்சுன்னு ஒரு கணக்கு எங்க இருக்கு?"
கட்டத்தைக் காட்டினேன். கோட்டைக் காட்டினேன்.
ஐந்து ரூபாயைக் கூலியில் பிடித்துக்கொண்டார்.
அப்படியானால் அவர் கணக்கில் அது கிடா.

அடுத்த வாரம் மாயக்காள் இரண்டு கோழியோடு வந்தாள்.
கோழிக்கு என்னிடம் சீட்டுக் கிடையாது,
சும்மாதான் மேசையோரம் நின்றாள்.
அது? என்று கேட்டேன்.
"கெடக்கு வீட்டுல.
மழை வர்றதுக்கு முந்தியே அது கத்திருது.
மத்ததெல்லாம் நனைஞ்ச பெறகுதான்."