ரெண்டு கொம்பு

காலை ஏழு இருபது.
ஜெனிபாவுக்கு மெட்ராஸ் ஐ. பள்ளிக்கூடம் இல்லை.
அவள் அம்மாவின் கூலிங் கிளாஸ்
மூக்கில் நிற்காமல் வழிய வழிய
டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டிருக்கிறாள்,
குட்டி வில்லன் மாதிரி.

திரையில் நீல நீர்யானை ஒன்று
தீயணைப்பு வண்டி ஓட்டுகிறது.
"அஞ்சாதீர்கள் நண்பர்களே, இதோ விரைந்து வருகிறேன்!"
கொருக்குப்பேட்டையில் எவரும் எவரிடமும்
இப்படிப் பேசியதில்லை.

நான் தரையில். மடியில் லேப்டாப்,
முட்டிக்குப் பக்கத்தில்
டிபன் டப்பா அளவில் ஒரு பில் மெஷின்.
காசிமேட்டு தேசப்பனுக்குத் தமிழில் பில் வேண்டும்.
"இங்கிலீஷ்ல குட்தா ஒரு அக்காவும் படிக்காதுபா.
அப்பால துட்டு வாங்கும்போது சண்ட."
ரெண்டு நாள் வேலை என்று சொல்லியிருந்தேன்.
இது ஒன்பதாவது நாள்.

முதலில் கட்டங்கள் வந்தன.
வஞ்சிரம் எட்டுக் கட்டம், சங்கரா ஆறு.
விலை மட்டும் தெளிவாக இருந்தது.
டிரைவரை அழித்தேன், போட்டேன்,
வேறு ஒன்றை இறக்கினேன்.
கணினியை மறுபடி தொடங்கவும் என்றது. தொடங்கினேன்.
புதுப்பிக்கிறேன், அணைக்க வேண்டாம் என்றது.
முப்பத்து நாலு சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டது.
கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப
ஜன்னல் கம்பி கொஞ்ச நேரம் நடுங்கியது.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
நீர்யானை அப்போது ஏணியின் நடுவில்.
அழுகை.
"கண்ணைத் தேய்க்காதே" என்று நான்,
"அது விழுந்துடும்பா" என்று அவள்.
சொட்டு மருந்து நேரம் வேறு.
இமையை விரித்துப் பிடித்து
"அஞ்சாதீர்கள்" என்றேன். சிரித்தாள்,
மருந்து காதுக்குப் போனது.

கரண்ட் வந்தபோது தீ அணைந்திருந்தது.
எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.
"யாருப்பா அணைச்சா?"
தெரியலையே.
"நீ பாக்கலியா?"
என் லேப்டாப் மட்டும் பேட்டரியில்
விழித்தே இருந்தது, அதே முப்பத்து நாலில்.

மத்தியானம் எழுத்து வந்துவிட்டது!
கத்தியே விட்டேன்.
பிறகுதான் பார்த்தேன்:
நெத்திலியில் ந முன்னால் போய்விட்டது.
கொம்பு பின்னால் நிற்கிறது,
ரயில்வே கேட் மூடியதும்
இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டவன் மாதிரி.
கெளுத்திக்கும் அப்படியே.
கொடுவாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

மூன்று மணிக்கு அதே கதையை மறுபடி போட்டார்கள்.
"குருவிப்பா! குருவிதான் வாயில தண்ணி கொண்ணாந்துச்சு!"
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
எனக்கு ஆறு மணிவரை ஒன்றும் இல்லை.

கடைசியில் எழுத்தையே எழுத்தாக அனுப்பாமல்
படமாக எடுத்து அனுப்பினேன்.
வந்தது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில்.
ஒரு பில்லுக்கு இருபத்திரண்டு விநாடி.
தேசப்பனுக்குப் போன் போட்டேன்.
"இருவத்திரெண்டா?
அதுக்குள்ள நெத்திலி கருவாடா பூடும்பா."

ஸ்டான்லியிலிருந்து அவள் அம்மா வரவில்லை இன்னும்.
வீடு முழுக்கச் சுருள் சுருளாய் வீணான பில்.
அதில் ஒன்று, சோதனைக்கு அடித்தது: ஜெனிபா.
அதிலும் கொம்பு பின்னால்தான்.
அவள் அதை எடுத்து
கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு
உற்றுப் பார்த்தாள்.
"ஜெ தப்பு."

அந்தத் தாளுக்கு மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும்.
நகம் உரசினாலும் கறுக்கும் என்பது
எனக்கே நினைவில்லை.
கட்டைவிரல் நகத்தால் அழுத்தி
ஜ-வுக்கு முன்னால் ஒரு சுழி, ஒரு வளைவு.
கருப்பாய் எழுந்தது கொம்பு.
பின்னால் பழையதும் அப்படியே நின்றது.

"ரெண்டு கொம்பு" என்றாள். "மாடு."
நெத்திலியை எடுத்துக்கொண்டாள்.
"இன்னும் எத்தினி மீனுப்பா இருக்கு?"

நான் எண்ண ஆரம்பித்தேன்.