அரைப் பேர்

ஹட்டன் தொழில் அலுவலகம், மூன்றாவது ஜன்னல்.
தோட்டத்தின் பெயர் கேட்டார்.
ஊசிமலை, என்றேன்.
கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு
அப்படி ஒரு தோட்டமே இலங்கையில் இல்லை என்றார்.

இல்லாத தோட்டத்தில்தான்
பதினேழு வருசம் கொழுந்தெடுத்திருக்கிறேன்.

அங்கத்தவர் அட்டை இருக்கிறதா?
இருந்தன ஐயா, காலெல்லாம்.
சிரிக்கவில்லை அவர்.
பின்னால் வரிசையில் நின்ற
டிக்கோயாக்காரி மட்டும் சிரித்தாள்.

நூற்றுக்கு எட்டு என் சம்பளத்தில்,
நூற்றுக்குப் பன்னிரண்டு தோட்டத்துக் கணக்கில்.
கழித்தது எனக்குத் தெரியும்,
சம்பளத் துண்டில் மாதாமாதம் கிடந்தது.
போட்டது யாருக்குத் தெரியும்?
துரைமார் மாறினார்கள்,
அரசாங்கம் கம்பனிக்குக் கொடுத்தது,
கம்பனி இன்னொரு கம்பனிக்கு.
லொறியில் ஏறிய புத்தகங்கள்
எந்த வளைவில் இறங்கினவோ.

வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருக்கும், தேடிக்கொண்டு வாங்க,
என்று அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் போனேன்,
பஸ்ஸில் பாதி, நடந்து மீதி.
துரை பங்களா இப்போது ஹோட்டல்.
கேட்டில் இருந்த பையன்
யாரைப் பார்க்க வேண்டும் என்றான்.
என்ன சொல்ல?
என்னைத்தான், என்றேன்.
பைத்தியம் என்று நினைத்திருப்பான், ஆனாலும் விட்டான்.

உள்ளே,
சாவிகள் தொங்கும் மேசைக்கு மேலே,
கண்ணாடிச் சட்டத்துக்குள்
ஒரு செக்ரோல் தாள்.
அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள்.
எனக்கு இங்கிலீஸ் வராது. இலக்கம் வரும்.
இருநூற்றுப் பதினாலு.
தராசடியில் கூப்பிட்ட இலக்கம்,
மழையில் கூப்பிட்ட இலக்கம்.
கண்டுவிட்டேன்.

தட்டோடு போன பையனை நிறுத்தினேன்,
டிலுக்சன் என்று சட்டையில் இருந்ததாம்.
வாசித்துக் காட்டு, தம்பி.
மேலே ஆர்டன்வெல் எஸ்டேட் என்றிருக்கு,
எண்பத்தெட்டு ஜூலை.
இருநூற்றுப் பதினாலு, பாவாயி.

பூவாயி.
இல்லம்மா, பாவாயி.
நான் பூவாயி.
இதுல பாவாயின்னுதான் இருக்கு.

பேருக்கு எதிரே கட்டங்கள்.
ஒன்று ஒன்று அரை அரை ஒன்று அரை.
நிறை குறைந்த நாளெல்லாம் அரைப் பேர்.
அந்த ஜூலையில் மூத்தவன் வயிற்றில்;
குனிய முடியாமல் எடுத்த கொழுந்து
இன்னும் அரையாகவே தொங்குகிறது,
கழுவித் துடைத்த கண்ணாடிக்குள்.

இருநூற்று ஒன்பது, செபமாலை.
அவளுக்குப் பத்தொன்பதாம் தேதிவரை ஒன்று.
அதற்குப் பிறகு கட்டம் வெறுமை.
அன்றைக்குத்தான் சபுக்கு மரம் விழுந்தது.

சட்டத்தைக் கழற்ற அனுமதியில்லை.
டிலுக்சன் போனில் படம் பிடித்து
கடையில் பிரதி எடுத்துத் தந்தான்.
காசு வாங்கவில்லை.

மறுபடி மூன்றாவது ஜன்னல்.
பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இதில் ஒரு முகம் தெரிகிறதே, என்றார்.
கண்ணாடியில் விழுந்தது ஐயா.
முன்னால் தெரிவது பூவாயி,
அதற்குப் பின்னால் இருப்பது பாவாயி.

இந்தத் தடவை லேசாகச் சிரித்தார்.
ஆர்டன்வெல் என்று தட்டினார்.
தோட்டம் இருந்தது.
பாவாயி இருந்தாள்.
தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு மூன்று வருசம்
அவளுக்கும் ஒன்றும் விழுந்திருக்கவில்லை.
அது வேறு ஜன்னல், என்றார்.

இருவரும் ஒருவரே என்று
சத்தியக் கடதாசி வேண்டுமாம்.
ஜே.பி. ஐந்நூறு ரூபா வாங்கினார்.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தேன்.
எந்தப் பேருக்கு வைத்தேன் என்று
விரலுக்குத் தெரியாது.

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி
வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான்
பிரதியின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.
ஹோட்டலில் நிற்கும்போதே
பேனா வாங்கி எழுதியிருக்கிறேன்:
209. 211. 230. 231.
இருநூற்று ஒன்பதுக்கு ஒரு மகள்,
வெள்ளவத்தையில் ஏதோ வீட்டில் வேலை என்று கேள்வி.
அவளுக்கு ஊசிமலை தெரியும்.
ஆர்டன்வெல் தெரியாது.